அளந்து பார்த்தீர்களா?



சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக் கணினி நோயாளியைப் போல் ஆகிவிட்டது. பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் அருந்தி வந்தாலும் திரை முழுமையாக விழித்திருக்காது. கல்லூரியில் பயிலும் என் மகள் ஒரு கட்டுரையைத் திறப்பதற்கே பொறுமையிழந்து போவாள். பழுது பார்க்கும் கடைக்காரரோ பெட்டியைத் திறந்துகூடப் பாராமல் தீர்ப்புக் கூறிவிட்டார்: “பழசாகிவிட்டது ஹஜ்ரத். புதிது வாங்கிவிடுங்கள், நாற்பதாயிரம் ஆகும்.” மதரஸா ஆசிரியன் ஒருவனுக்கு அது எத்தனை மாதச் சேமிப்பு என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மகள்தான் தடுத்தாள். “அத்தா, அளந்து பார்க்காமல் எப்படி முடிவு செய்வது?” என்றாள். அளவையிலும் நிறுவையிலும் நேர்மை வேண்டுமெனப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் பாடம் சொல்லும் நான், அக்கேள்வியின் முன் சற்று நாணினேன்.

கணினியின் திறனை அளக்கும் மென்பொருளைப் ‘பெஞ்ச்மார்க்’ என்பர். இது புதியதன்று. 1972இல் பிரிட்டனில் ‘வெட்ஸ்டோன்’ என்னும் சோதனை நிரல் எழுதப்பட்டது. 1984இல் ‘டிரைஸ்டோன்’ வந்தது. முறை எளியதே: எல்லாக் கணினிகளுக்கும் ஒரே வேலையைக் கொடுத்து, அதை முடிக்க ஆகும் நேரத்தைக் கணக்கிட்டு, மதிப்பெண் வழங்குவது. ஆனால், மதிப்பெண் தனியே நின்றால் பொருள் தராது. ‘கீக்பெஞ்ச் 6’ என்னும் மென்பொருள், இன்டெல் கோர் ஐ7-12700 செயலியின் திறனை 2,500 எனக் கொண்டு, மற்றவற்றை அதனோடு ஒப்பிடுகிறது.

மற்ற நிரல்களையெல்லாம் மூடிவிட்டு, மூன்று முறை சோதித்தோம். அதே செயலி பிறர் கணினிகளில் பெற்ற மதிப்பெண்ணையே எங்களுடையதும் பெற்றது. ஆகவே, மூளைக்கு நோயில்லை! அடுத்து, ‘கிரிஸ்டல்டிஸ்க்மார்க்’ கொண்டு ஹார்ட் டிஸ்கை அளந்தோம். பெரிய கோப்பைத் தொடர்ச்சியாக வாசிக்கையில் வினாடிக்கு ஏறத்தாழ 100 மெகாபைட். சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளை வாசிக்கையிலோ ஒரு மெகாபைட்கூட இல்லை. கணினி விழித்தெழும்போது எண்ணற்ற சிறு கோப்புகளையே தேடி எடுக்கிறது. சுழலும் தட்டின் மேல் வாசிப்பு முனை இடம் விட்டு இடம் நகர்ந்து தேட வேண்டியிருப்பதால்தான் இந்தத் தாமதம்.

நகரும் உறுப்பு எதுவுமில்லாத எஸ்.எஸ்.டி. ஒன்றை மூவாயிரத்துக்கும் குறைவான செலவில் பொருத்தினோம். மீண்டும் அளந்தபோது சிறு துண்டுகளின் வேகம் 30 மெகாபைட்டைத் தொட்டது. கணினி அரை நிமிடத்தில் எழுந்துவிட்டது. என் தேநீர்தான் ஆறாமல் இருந்தது.

ஆயினும், மதிப்பெண்ணைக் கண்டு மயங்கிவிடலாகாது. ஆய்வாளர் வரும்போது மட்டும் ஒழுங்காக அமரும் மாணவர்கள் உண்டல்லவா? அவ்வாறே, சோதனை மென்பொருளின் பெயரை அடையாளம் கண்டு, அப்போது மட்டும் முழு வேகத்தில் ஓடிய சில கைப்பேசிகள் 2018இல் ‘3டி மார்க்’ தரப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. எனவே, விளம்பரத்திலுள்ள எண்ணைவிட, உங்கள் கணினியை நீங்களே அளந்து பெறும் எண்ணே உங்களுக்குப் பயன்படும்.

உங்கள் இல்லத்துக் கணினியும் தளர்ந்துவிட்டதா? பணப்பையைத் திறக்குமுன், தளர்ச்சி எந்த உறுப்பில் என்பதை அளந்து அறியுங்கள். குறை ஓர் உறுப்பில் இருக்க, முழுப் பொருளையும் கழித்துவிடுவது வீண் விரயமல்லவா?