லோபெட் லாரியும் நாங்கள் ஏற்றாத லோடும்

சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு என்றாலே தமிழ்நாடு முழுக்க லாரிதான் நினைவுக்கு வரும். பாடி கட்டும் பட்டறைகள், போர்வெல் ரிக் வண்டிகள், வரிசையாக நிற்கும் ட்ரெய்லர்கள். இந்த வட்டாரத்துச் சேரிகளிலும் தெருவுக்கு நாலு டிரைவர் இருப்பார்கள். இதைக் காட்டி, "இப்பெல்லாம் சாதி எங்கீங்க இருக்குது? எல்லாரும் ஒண்ணாத்தானே வண்டி ஓட்டறாங்க" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களிடம் நாங்கள் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். ஸ்டியரிங்கை யார் பிடித்திருக்கிறார் என்பது இருக்கட்டும். ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது?

நாங்கள் என்றால் அப்பா, அம்மா, லாரி ஓட்டும் அண்ணன், சமூகவியலில் முதுகலை முடித்துவிட்டுச் சமூகப் பணிக்கு வந்த இளைய பிள்ளை. அருந்ததியர் தெரு. தாத்தா கிணற்றில் நீர் இறைக்கும் தோல் சால் தைத்தவர். பம்புசெட் வந்ததும் அந்த வேலை போயிற்று. அப்பா பதினாறு வயதில் லாரியில் கிளீனராக ஏறினார். முப்பது வருடத்துக்கும் மேல் அடுத்தவர் வண்டியிலேயே காலம் கழிந்தது. 2021 ஆகஸ்டில்தான் முதன்முதலாக எங்கள் குடும்பத்தில் ஒருவர் பெயர் ஆர்.சி. புத்தகத்தில் ஏறியது. 2006 மாடல் லேலண்ட் இழுவை லாரி, பின்னால் ஒரு பழைய லோபெட் ட்ரெய்லர். பொக்லைன், ரோடு ரோலர் போன்ற கனரக இயந்திரங்களை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோய் இறக்குவது வேலை.

பொக்லைன் என்பது உண்மையில் ஒரு பிரெஞ்சு கம்பெனியின் பெயர். நம் ஊரில் எந்தக் கம்பெனி மண் தோண்டும் இயந்திரமானாலும் அது பொக்லைன் அல்லது ஹிட்டாச்சிதான். வழக்கமாக நாங்கள் ஏற்றுவது சுமார் 20 டன் எடை கொண்டது. சங்கிலிச் சக்கரத்தில் நகர்வதால் தார் ரோட்டில் ஓட்டிக்கொண்டு போக முடியாது, லோபெட்டில்தான் ஏற்ற வேண்டும். கெட்டியான தரை பார்த்து வண்டியை நிறுத்தி, பின்னால் இரும்புச் சாய்தளத்தை இறக்கினால், ஆபரேட்டர் அங்குலம் அங்குலமாக ஏற்றுவார். மேலே வந்ததும் கையை மடக்கி வாளியைத் தளத்தில் படிய வைக்க வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, நாலு மூலையிலும் சங்கிலி போட்டு இறுக்க வேண்டும். இயந்திரத்தின் அகலம் 2.8 மீட்டர். ரோட்டில் ஓடும் வண்டிக்குச் சட்டம் அனுமதிக்கும் அகலம் 2.6 மீட்டர். இரண்டு பக்கமும் கொஞ்சம் துருத்திக்கொண்டுதான் நிற்கும். வழியில் கை காட்டி நிறுத்துபவர்களுக்கு அதுவே போதும்.

எங்கள் லாரிக்கு முன்னால் நீண்ட மூக்கு கிடையாது. முகம் தட்டை, இன்ஜின் கேபினுக்குள்ளேயே டிரைவருக்குப் பக்கத்தில் இருக்கும். மூக்கு இல்லாததால் குறுகலான திருப்பத்திலும் கல்குவாரிப் பாதையிலும் ஒடித்துத் திருப்ப வசதி. ஆனால் எங்காவது மோதினால் முதலில் அடிபடுவது டிரைவரின் முழங்கால். சித்திரை வெயிலில் இன்ஜின் சூடும் சேர்ந்துகொண்டால் கேபின் அடுப்படிதான். இன்ஜினை மூடியிருக்கும் அந்தப் பெட்டியின் மேல் ஒரு சாக்கை விரித்து கிளீனர் உட்காருவார், அதன் மேலேயே தூங்குவார். அப்பா ஏழு வருடம் அந்தச் சூட்டில் உட்கார்ந்து வந்தவர்.

கிளீனரின் வேலை டயரைத் தட்டிப் பார்ப்பதோடு முடிவதில்லை. லோபெட் ஊருக்குள் நுழைந்தால் தாழ்வாகத் தொங்கும் கரண்டுக் கம்பியைத் தூக்கிப் பிடிப்பதும் அவர்தான். இயந்திரத்தின் மேல் ஏறி நின்று காய்ந்த மூங்கிலால் கம்பியை உயர்த்துவார், வண்டி அடியில் ஊர்ந்து போகும். மூங்கிலில் ஈரம் இருந்தாலோ, கை நழுவினாலோ அதோடு முடிந்தது. அந்த மூங்கிலைப் பிடித்தவர்களில் முதலாளி வீட்டுப் பிள்ளை ஒருவரையும் அப்பா பார்த்ததில்லை. தொப்பூர் கணவாயிலும் இதே கதைதான். தருமபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்கும் அந்தச் சரிவில் பாரத்தோடு வரும் வண்டி சின்ன கியரில்தான் இறங்க வேண்டும். நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம், ஆனால் பிரேக் மேல் மொத்தப் பாரமும் விழுந்து, சூடேறி, பிடிக்காமல் போகும். மைலேஜ் குறைந்தால் சம்பளத்தில் கழிக்கும் முதலாளியிடம் வேலை செய்பவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? விபத்து நடந்தால் செய்தியில் "டிரைவரின் கவனக்குறைவு" என்றுதான் வரும்.

டிரைவருக்கு வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் கிடையாது. அப்பா எங்களிடம் அதிகம் பேசாத ஒரு சம்பவம் இருக்கிறது. அவர் வேறொருவரின் லோபெட்டை ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள் இரவு இயந்திரத்தை ஏற்றி ஓர் ஏரிக்கரையில் இறக்கச் சொன்னார்கள். விடிந்தபோதுதான் எதற்கென்று தெரிந்தது. கரையில் நாற்பது குடிசைகள். எங்களைப் போன்ற நிலமற்றவர்களின் குடிசைகள். சட்டி பானைகளை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு இயந்திரத்தை விட்டார்கள். அப்பா கேபினை விட்டு இறங்கவே இல்லையாம். சாயங்காலம் அதே இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு திரும்பினார். மறுத்திருந்தால் சாவியைப் பிடுங்கி அடுத்தவரிடம் கொடுத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அன்றைக்கு ரேஷன் அரிசி மட்டும்தான் இருந்தது.

அப்படியானால் முப்பது வருடம் ஓட்டிய ஒருவர் ஏன் ஒரு வண்டிகூட வாங்கவில்லை? சோம்பேறித்தனம், குடி என்று காரணம் சொல்பவர்களுக்குக் கணக்கைக் காட்டுகிறோம். எங்கள் வட்டாரத்தில் ஒரு டிரைவர் ஓனர் ஆவதற்குப் பெரும்பாலும் வங்கி காரணமல்ல. மாமன் ஜாமீன் போடுவார், பங்காளி முன்பணம் கொடுப்பார், சொந்தக்காரரின் பங்கில் டீசல் கடன், சாதிக்காரர் பட்டறையில் டயர் கடன். கடன் என்பது நம்பிக்கை. அந்த நம்பிக்கை சாதிக்குள்ளேயே சுற்றிவருகிறது. எங்கள் மாமாவும் ஜாமீன் போடத் தயார்தான். அவரிடம் இருப்பது ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த மூன்று சென்ட் நிபந்தனைப் பட்டா. அதைப் பார்த்த பைனான்ஸ்காரர் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

இந்த இடத்தில் 1892ஐ நினைக்காமல் இருக்க முடியவில்லை. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையின் தொடர்ச்சியாகத்தான் ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டது. சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். அதில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பது இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்குத் தெரியும். பஞ்சமி நில மீட்பை ஏதோ பழைய வழக்கு என்று நினைப்பவர்கள் ஒரு லாரி பைனான்ஸ் ஆபீசில் போய் உட்கார்ந்து பார்க்கட்டும். அன்று பறிபோன நிலம்தான் இன்று எங்களிடம் இல்லாத ஜாமீன்.

வங்கிக்கும் போனோம். 2016இல் வந்த ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டத்தில் தலித், பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன் இருந்தது. நாங்கள் போன கிளையில் பழைய வண்டிக்குக் கடன் இல்லை என்றார்கள். புது இழுவை லாரியும் லோபெட்டும் வாங்க எங்கள் பங்கைக் கட்டும் சக்தி எங்களுக்கு இல்லை. கடைசியில் தனியார் பைனான்ஸ்தான். வண்டி 12 லட்சம். கையில் இருந்த 3 லட்சம் போக 9 லட்சம் கடன், மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி, 36 மாதம், தவணை 43 ஆயிரம். கூட்டிப் பாருங்கள். 9 லட்சத்துக்கு 15 லட்சத்து 48 ஆயிரம். சொத்து உள்ளவருக்குக் குறைந்த வட்டி, இல்லாதவருக்குக் கூடுதல் வட்டி.

இந்த மாதிரித் தட்டை முக லாரிகள் ஒருகாலத்தில் அமெரிக்காவில் நிறைய ஓடின. வண்டியின் மொத்த நீளத்துக்கு அங்கே வரம்பு இருந்ததால் மூக்கை வெட்டி அந்த இடத்தில் சரக்கை ஏற்றினார்கள். 1982இல் சட்டம் மாறிய பிறகு மூக்கு நீண்ட லாரிகள் திரும்ப வந்தன. அந்தக் காலத்து அமெரிக்க லாரித் தொழிலைப் பற்றிய ஒரு வழக்கை எங்கள் வீட்டில் படித்தவர் அடிக்கடி சொல்வார். 1977இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன டீம்ஸ்டர்ஸ் வழக்கு. ஒரு லாரி நிறுவனத்தில் 1971 மார்ச் கணக்குப்படி நெடுந்தூர டிரைவர்கள் 1,828 பேர். அதில் கறுப்பினத்தவர் 8 பேர். அந்த 8 பேரும் வழக்கு வந்த பிறகு எடுக்கப்பட்டவர்கள். கூலி குறைந்த உள்ளூர் ஓட்டத்துக்கும் பட்டறை வேலைக்கும்தான் கறுப்பர்கள். உள்ளூரிலிருந்து நெடுந்தூர வேலைக்கு மாற விரும்பினால் பணிமூப்பை விட்டுவிட்டுக் கடைசி ஆளாகத் தொடங்க வேண்டும். பாகுபாடு நிரூபணமானது என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் பணிமூப்பு முறை சட்டப்படி சரிதான் என்றும் சொல்லிவிட்டது. அப்பாவின் முப்பது வருட அனுபவத்தை எந்தப் பைனான்ஸ்காரரும் மூலதனமாக எடுத்துக்கொள்ளாததும் எங்களுக்கு இதே போலத்தான் தெரிகிறது. விதி எல்லோருக்கும் பொது. அதில் தோற்பவர்கள் மட்டும் எப்போதும் ஒரே தெருக்காரர்கள்.

சொந்த வண்டி வந்த பிறகு என்ன மாறியது? சைட்டில் வண்டியை நிறுத்தினால், "ஓனர் யாருப்பா?" என்பார்கள். "நம்ம வண்டிதானுங்க" என்று அண்ணன் சொல்வார். அதன் பிறகு கேள்விகள் நீளும். எந்த ஊரு, ஊருக்குள்ள எந்தப் பக்கம், அப்பா பேரு என்ன. பதில் கிடைத்ததும் சில இடங்களில் பேச்சு குறையும். அடுத்த லோடுக்குக் கூப்பிட மாட்டார்கள். மற்ற வண்டிகளின் கண்ணாடியில் சாதிப் பட்டத்தோடு பெயர்கள் பளபளக்கின்றன. எங்கள் வண்டிக்கு அகலமான முன்கண்ணாடி. அதன் உச்சியில் அண்ணல் அம்பேத்கரின் படத்தை அண்ணன் ஒட்டினார். "லோடு குறையும்டா சாமி" என்றார் அப்பா. குறையத்தான் செய்தது. படம் இன்னும் இருக்கிறது.

மாறிய விஷயங்களும் உண்டு. எங்கள் கிளீனர் மூங்கில் பிடிப்பதில்லை. தாழ்வான கம்பி இருந்தால் லைன்மேனைக் கூப்பிடுகிறோம், அவர் வரும்வரை வண்டி நிற்கும். தொப்பூரில் எங்கள் வண்டி நியூட்ரலில் இறங்காது. டீசல் போனால் போகட்டும்.

2023இல் ஒரு லோடு வந்தது. ஏரி தூர்வார இரண்டு பொக்லைன், 22 ஆயிரம் வாடகை. காலை ஐந்து மணிக்கே இயந்திரம் நிற்க வேண்டும், போலீஸ் இருக்கும் என்று ஒப்பந்ததாரரின் ஆள் சொன்னபோது அண்ணனுக்குப் பொறி தட்டியது. தூர்வார எதற்குப் போலீஸ்? எங்களில் சமூகப் பணியில் இருப்பவர் அந்தப் பக்கத்துத் தோழர்களிடம் விசாரித்தார். கரையில் குடியிருப்பவர்களை 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தின் பேரில் அகற்றப்போகிறார்கள். அந்த மாதம் தவணை கட்ட இன்னும் 30 ஆயிரம் தேவைப்பட்டது. அண்ணன் அப்பாவைப் பார்த்தார். "அன்னிக்கு வண்டி என்னுதில்ல. இன்னிக்கு உன்னுது. நீ சொல்றதுதான்" என்றார் அப்பா. அண்ணன் போனை எடுத்து, வண்டி வராதுங்க என்று சொல்லிவிட்டார்.

அந்தக் குடிசைகள் தப்பவில்லை. வேறொரு லோபெட் போனது. அந்த ஒப்பந்ததாரர் ஆறு மாதம் எங்களைக் கூப்பிடவில்லை. இரண்டு தவணை தள்ளிப்போய் அபராதம் கட்டினோம், அம்மாவின் செயின் அடகுக்குப் போனது. ஒரு வண்டி மறுப்பதால் இடிப்பது நிற்காது என்று எங்களுக்கும் தெரியும். ஆனாலும் அப்பாவுக்கு முப்பது வருடம் கிடைக்காத ஒன்று அண்ணனுக்கு அன்று கிடைத்தது. உடைமை என்பதை வெறும் பணமாகப் பார்க்கும் தோழர்களுக்கும் இதைத்தான் சொல்கிறோம்.

அந்த உடைமையும் உறுதியாக இல்லை. நாங்கள் வண்டி வாங்கிய இரண்டாம் மாதம், 2021 அக்டோபரில், 15 வருடம் தாண்டிய கனரக வண்டிக்குத் தகுதிச் சான்று கட்டணம் 12,500 ரூபாய் என்று மத்திய அரசு அறிவித்தது. 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். நல்ல சட்டம்தான், ஆனால் புது வண்டிக்கு மட்டும். பழைய வண்டியை ஒழிக்கச் சொல்வதில் எங்களுக்கும் மறுப்பில்லை. புகையை முதலில் குடிப்பது நாங்கள்தான். எங்களைப் புது வண்டிக்கு மாற்றும் வழியையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறோம்.

தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. டிரைவர்கள் இதைக் கேள்விப்பட்டிருக்க வேண்டும், ஜாமீன் கேட்காத வங்கிக் கிளையும் வேண்டும். கடன் மட்டும் போதாது, லோடும் வேண்டும். பொக்லைன் ஓடும் ரோடு வேலை, ஏரி வேலை பெரும்பாலும் அரசுப் பணம். அரசு கொள்முதலில் தலித், பழங்குடித் தொழில்முனைவோருக்கு 4 சதவீதம் என்று மத்திய அரசு 2012இல் கொள்கை வகுத்தது. கர்நாடகத்தில் ஒப்பந்த வேலைகளிலேயே இடஒதுக்கீடு இருக்கிறது. இங்கே பெரிய ஒப்பந்ததாரர் வரை வரும் அரசுப் பணம், அவருக்குக் கீழே வண்டி வாடகைக்கு இறங்கும்போது மறுபடியும் மாமன் மச்சான் வட்டத்துக்குள் போய்விடுகிறது. அந்த வாடகையில் எங்களுக்கு எத்தனை பங்கு என்று டெண்டரிலேயே எழுத வேண்டும்.

கடைசித் தவணையை 2024 ஆகஸ்டில் கட்டி முடித்தோம். தடையில்லாச் சான்று வாங்கி, ஆர்.சி.யில் இருந்த பைனான்ஸ்காரர் பெயரை நீக்கியாயிற்று. எங்கள் தெருவில் இப்போது இரண்டு பையன்கள் கனரக லைசென்ஸ் எடுத்திருக்கிறார்கள். ஓட்டப் பழகுவதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறோம். விண்ணப்பம் எழுதிக் கொடுக்க, வங்கிக்குக் கூட வர நாங்கள் இருக்கிறோம்.