பங்குனியில் ஒரு கிளுவை வேலி

பங்குனி பிறந்ததும் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு நகரத்திலிருந்து வருகிற பிள்ளைகள் எங்கள் பக்கத்துக் காடுகளைப் பார்த்துவிட்டு அலுத்துக்கொள்வார்கள். "இங்க என்ன சார் இருக்கு, எல்லாம் காஞ்சு கிடக்கு" என்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. நாள்காட்டிப் படத்திலும் சினிமாப் பாட்டிலும் வசந்தம் என்றால் பச்சைப் புல்வெளிதான், அதில் முழங்கால் உயரத்துக்குப் பூக்கள்தான். அது குளிர்நாட்டு வசந்தம். பனி உருகி மண் நனைந்ததும் அங்கே தரை பூத்துவிடுகிறது. காங்கயம், தாராபுரம் சுற்றுவட்டாரத்தில் கணக்கு வேறு. ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தரை பூக்கும். பங்குனி, சித்திரை வெயிலுக்கு மரம் பூக்கும். அண்ணாந்து பார்க்காதவனுக்கு இங்கே இளவேனில் கிடையாது.

நான் படமெடுக்கிற இடம் ஒரு கொறங்காடு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கொழுக்கட்டைப் புல்லும் அங்கங்கே வெள்வேல மரங்களும் சுற்றிலும் கிளுவை உயிர்வேலியுமாக, மேய்ச்சலுக்கென்றே தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கும் நிலம். காங்கயம் மாடுகள் வளர்ந்ததெல்லாம் இப்படிப்பட்ட காடுகளில்தான். பங்குனியில் புல் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். அந்த நேரத்தில்தான் வேலியோர வேம்பு பூக்கும்.

வேப்பம்பூவை ரசம் வைக்கத் தெரிந்த அளவுக்கு நமக்குப் பார்க்கத் தெரியாது. தூரத்திலிருந்து பார்த்தால் மரத்தில் மாவு தூவியது போலிருக்கும், அவ்வளவுதான். தாழ்ந்த கொம்பு ஒன்றின் அருகே போய் செல்பேசியை நெருக்கிப் பிடித்தால், ஐந்து வெள்ளை இதழ்களும் அவற்றின் நடுவே மகரந்தத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு சின்னக் குழாயாக நிற்பதும் தெரியும். காலை எட்டு மணிக்குள் எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு காற்று கிளம்பிவிடும். படத்தில் பூ இருக்காது, வெள்ளைக் கோடுதான் இருக்கும்.

வெள்ளைப் பூவும் மஞ்சள் பூவும் வெயிலில் ஏமாற்றுகிறவை. செல்பேசி தன் போக்கில் எடுத்தால் இதழ் வெளுத்துப் போய், நரம்பு ஒன்றுகூடத் தெரியாது. திரையில் பூவின் மேல் விரலை வைத்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுக்க வேண்டும். பின்னால் நிழல் விழுந்த இடமாகப் பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. நான் குடை எடுத்துப் போகிறேன். என் வயதுக்காரன் குடை பிடித்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அது பாதி நேரம் பூவுக்குத்தான் பிடிக்கப்படுகிறது என்பது ஆடு மேய்க்கிறவர்களுக்கு மட்டும் தெரியும்.

அவர்களில் ஒரு அம்மாள் ஒருநாள் கேட்டார்: "ஏனுங்கய்யா, அதைப் பொறிச்சுட்டுப் போயி ஊட்டுத் திண்ணைல வச்சு எடுக்கப்படாதுங்களா? இந்த வெயில்ல எதுக்குங்க?" நியாயமான கேள்வி. அப்போது நான் ஆவாரஞ்செடி முன்னால் குந்தியிருந்தேன். "அம்மிணி, பூவை ஊட்டுக்குக் கொண்டுபோயிரலாம், வண்டை எப்படிக் கொண்டுபோறது?" என்றேன். சிரித்துவிட்டு அவரும் நிழலில் உட்கார்ந்துகொண்டார்.

அந்த வண்டு ஒரு பெரிய கதை. ஆவாரம்பூவில் தேன் கிடையாது. வருகிற வண்டுக்கு அது கொடுப்பது மகரந்தம் மட்டும்தான், அதையும் லேசில் கொடுத்துவிடாது. பெரும்பாலான பூக்களில் மகரந்தப்பை நீளவாக்கில் வெடித்துக் கொட்டும். இதில் பையின் நுனியில் சிறு துளைதான். மரத்தைத் துளைத்துக் கூடு கட்டுகிற அந்தக் கருவண்டு வந்து பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சிறகை விரிக்காமலேயே சிறகுத் தசையை மட்டும் அதிரவிடும். பறக்கும்போது ஒரு ரீங்காரம், இந்த வேலை செய்யும்போது இன்னொரு ரீங்காரம், காதாலேயே பிரித்தறியலாம். அந்த அதிர்வில்தான் துளை வழியாகத் தூள் சிதறும். பொங்கலுக்குக் காப்புக் கட்ட பூளைப்பூவோடும் வேப்பிலையோடும் சேர்த்து ஆவாரையை வருடந்தோறும் ஒடித்து வந்தவர்கள் நாங்கள். பூ எப்படி வேலை செய்கிறது என்று எங்களில் யார் குனிந்து பார்த்தோம்? படம் எடுக்க உட்கார்ந்ததால் கிடைத்த பாக்கியம் இது. படம் சுமாராகத்தான் வந்தது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் இருக்கிறது. நெருஞ்சியை வெயில் ஏறுமுன் பார்த்துவிட வேண்டும். துத்தி அதற்கு நேர்மாறு. பொழுது சாயத்தான் விரியும். பூவரசு காலையில் மஞ்சளாகப் பூத்து, மாலைக்குள் சிவந்து சுருங்கும். ஒரே கொம்பில் இன்றைய பூவும் நேற்றைய பூவும் இரண்டு நிறமாக நிற்பதால் இரண்டு சாதி என்று நினைத்துக்கொண்டவர்களும் உண்டு. நம் வசதிக்கு இதில் எதையும் மாற்ற முடியாது. என் மகன் வெளிநாட்டில் இருக்கிறான். அவனுக்கு ஓய்வான நேரம் எனக்குக் கண்ணைச் சொக்குகிற நேரம். முன்பெல்லாம் என் நேரத்துக்குக் கூப்பிட்டுவிட்டு, எடுக்கவில்லையே என்று வருத்தப்பட்டுக்கொண்டிருப்பேன். இப்போது விழித்திருந்து பேசுகிறேன். துத்திக்காகச் சாயங்காலம் வரைக்கும் வரப்பில் காத்துக் கிடக்கிற ஆளுக்கு இது ஒரு சிரமமா?

படம் எடுக்கிறவர்களிடம் எனக்கு ஒரு குறை உண்டு. எல்லோரும் பூவின் முகத்தை மட்டும் எடுத்துவிட்டுப் பெயர் கேட்கிறார்கள். செடிகொடி படித்தவர்களுக்கு முகம் போதாது. பூவின் பின்பக்கம், இலை தண்டோடு சேரும் இடம், காய், செடி நிற்கும் மண் எல்லாம் வேண்டும். இதில் நமக்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். ராபர்ட் வைட் என்கிற ஸ்காட்லாந்து மருத்துவர் 1819-இல் சென்னை மாகாணத்துக்கு வந்தார். 1842 முதல் பருத்திச் சோதனைப் பண்ணை வேலையாகக் கோயம்புத்தூரில் இருந்தார். தென்னாட்டுத் தாவரங்களை 2,000-க்கும் மேற்பட்ட படங்களோடு அவர் வெளியிட்ட பெரிய நூல்வரிசை 1853-இல் முடிந்தது. அவருக்கு வரைந்து கொடுத்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்கிற இந்திய ஓவியர்கள். ஒரு கிளையை வரைந்தால் அதன் ஓரத்திலேயே சூலகத்தை அறுத்துக் காட்டுவார்கள், விதையைத் தனியே போடுவார்கள். வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைத்தார். அந்தப் பெயர் இப்போது வழக்கில் இல்லை, படங்கள் இருக்கின்றன. பெருவிரல் தட்டினால் படம் விழுகிற காலத்தில் இருக்கிற நமக்கு, இலையையும் காயையும் சேர்த்து எடுக்க இன்னும் நாலு தட்டு தட்ட என்ன கேடு?

குறிஞ்சி பூக்கிறது என்று கேள்விப்பட்டால் மலைப்பாதையெல்லாம் வண்டி அடைத்துக்கொள்கிறது. போகட்டும், பார்க்க வேண்டிய பூதான். அடுத்த முறை பூப்பதற்குள் இருக்கிற 12 ஆண்டுகளில் அவரவர் ஊர் வேலியைச் சுற்றி வரலாமே என்பதுதான் என் ஆதங்கம். வேலை ஓய்ந்த பிறகு ஊர் ஊராகப் பார்க்கக் கிளம்புகிற நண்பர்களிடமும் இதையே சொல்கிறேன்: ஒரு வேலியைப் பிடித்துக்கொண்டு எல்லா மாதமும் போங்கள். அப்போதுதான் இல்லாததும் தெரிய ஆரம்பிக்கும். இந்தப் பங்குனியில் கிளுவை வேலியின் வடக்கு மூலையில் கண்ணுக்கு எதுவும் கிடையாது, வெறும் முள்ளும் மண்ணும். அதன் அடியில் செங்காந்தள் கிழங்கு கிடக்கிறது. கொடி காய்ந்து எப்போதோ உதிர்ந்துவிட்டது. மழை விழுந்ததும் மறுபடி முளைத்து, இலை நுனியைச் சுருட்டி வேலியைப் பற்றிக்கொண்டு ஏறும். பூ பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, நெருப்பு நிறத்துக்கு வரும்.

அதுதான் மாநில மலர். அதுவேதான் கண்வலிக்கிழங்கு. விதைக்கு நல்ல விலை என்பதால் மூலனூர்ப் பக்கம் பந்தல் போட்டே வளர்க்கிறார்கள். நடவுக்குக் கிழங்கு தேடிக் காட்டு வேலிகளைத் தோண்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் காந்தள் படத்தை யாருக்காவது அனுப்பினால் செல்பேசியில் இடம் காட்டும் வசதியை அணைத்துவிட்டுத்தான் எடுத்திருப்பேன். எந்த இடம் என்று கேட்டு வருகிற தம்பிமார்களுக்கு மாவட்டத்தின் பெயர் வரைக்கும் சொல்வேன். அதற்கு மேல் தெரிய வேண்டுமானால் ஐப்பசி பிறந்ததும் வரட்டும், கூட்டிப்போகிறேன். வண்டியை ஊருக்குள்ளேயே விட்டுவிட வேண்டும். குடையை நான் கொண்டுவருகிறேன்.