மரத்துக்கு ஆகாத தண்ணீர்

தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் ஒரு தோணியின் மேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்தால் அன்றைக்கு அதில் சரக்கு ஏறாது. நான் போன நவம்பர் நாளில் விடிவதற்கு முன்பே கட்டிவிட்டிருந்தார்கள். புயல் எதுவும் இல்லை. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டுகூட ஏற்றவில்லை. விட்டுவிட்டுப் பெய்கிற வடகிழக்குப் பருவமழை, அவ்வளவுதான். ஆனால் மாலத்தீவின் மாலேவுக்குப் போக வேண்டிய வெங்காயம் லாரியிலேயே கிடந்தது. அதற்குப் பின்னால் சிமெண்டு லாரி. வெங்காயம் நனைந்தால் இரண்டு நாளில் நாற்றம் எடுக்கும். சிமெண்டு நனைந்தால் கல்.

அந்த வெங்காய லாரியில்தான் நானும் வந்திருந்தேன். ஓட்டுநர் எங்கள் சாணார்பட்டிக்காரர். திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகிற சாலையில் இருக்கும் எங்கள் ஊருக்கும் இந்தத் துறைமுகத்துக்கும் இடையில் சுமார் 200 கிலோமீட்டர். புளியும் மாவும் மானாவாரியும்தான் எங்களுக்குத் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் நாலு மழை சேர்ந்து பெய்தால் வேலை கெட்டதென்று எங்கள் பக்கம் ஒருவரும் சலித்துக்கொள்ள மாட்டார்கள். இங்கே துறைமுகச் சுவரோரம் ஒதுங்கி நின்ற சுமைதூக்கிகள் வானத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்ததை அச்சில் ஏற்ற முடியாது.

தோணி என்றதும் இரண்டு பேர் துடுப்புப் போடுகிற படகை நினைத்துக்கொள்ள வேண்டாம். 300, 400 டன் சரக்கை ஏற்றிக்கொண்டு நடுக்கடலைக் கடக்கிற மரக்கப்பல் இது. முன்பு முழுக்கப் பாயை நம்பி ஓடியது. இப்போது டீசல் எஞ்சின். தூத்துக்குடியில் கரையோரக் கடல் ஆழம் குறைந்தது. பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்க, சரக்கை அங்கே கொண்டு சேர்ப்பதும் அங்கிருந்து கொண்டு வருவதும் தோணிகளுடைய, படகுகளுடைய பாடாக இருந்தது. வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிக் கொழும்புக்குக் கப்பல் விட்ட காலத்திலும் அதுதான் நிலை. முயல் தீவுப் பக்கம் புதிய துறைமுகம் வந்து, 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட பிறகு, பழைய துறைமுகம் தோணிகளுக்கென்று ஒதுங்கிவிட்டது.

பலகை வழியாக ஏறியதும் தண்டல் வரவேற்றார். தோணியை நடத்துகிறவருக்கு இங்கே அதுதான் பட்டம். "வாங்க அண்ணாச்சி, மழ விட்டாத்தான் நமக்குச் சோலி" என்றவர், எனக்கு வேடிக்கை காட்ட ஆள் இருப்பதாகச் சொல்லிக் கீழே சரக்கறைக்கு அனுப்பினார்.

அங்கே ஒரு பெரியவர் கையில் சாக்பீஸும் டார்ச்சுமாக மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கலப்பத்து வேலைக்காரர். பலகைக்கும் பலகைக்கும் நடுவிலுள்ள சந்தில் பஞ்சுத்திரியை அடித்து இறுக்கித் தண்ணீர் புகாமல் செய்வது கலப்பத்து. எனக்கு முதலில் புரியவில்லை. ஒழுகுகிற நாளில் கலப்பத்து அடிக்க முடியாது. ஈரச் சந்தில் குங்கிலியக் கலவை ஒட்டாது. அப்புறம் மழையில் இவருக்கு என்ன வேலை?

"மேல நின்னு பாத்தா எல்லாச் சந்தும் ஒண்ணு போலத்தான் தெரியும். மழ பேயும்போது கீழ நின்னு பாக்கணும். அப்பத்தான் கள்ளன் ஆம்புடுவான்" என்றார்.

அதுவும் சுலபமில்லை. சொட்டு விழுகிற இடம் ஒன்று, தண்ணீர் நுழைகிற இடம் வேறு. மேல்தளத்தில் ஓரிடத்தில் இறங்கும் நீர், குறுக்கு விட்டத்தைப் பிடித்துக்கொண்டு நாலடி ஓடி, அங்கே ஓர் ஆணித் தலையில் சொட்டும். பெரியவர் ஈரத்தைப் புறங்கையால் தடவித் தடவிப் பின்னோக்கிப் போய், சந்தைக் கண்டுபிடித்து, பக்கத்துக் காய்ந்த மரத்தில் ஒரு கோடு போடுவார். பெரிய ஒழுக்குக்கு இரட்டைக் கோடு. துறையில் நிற்கும் தோணியில் மழை நாளை வீண் என்று நினைத்தவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது.

நீர்மட்டத்துக்குக் கீழே கிடக்கிற பலகைகள் எப்போதும் ஊறி, உப்பி, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. தொல்லை மேல்தளத்தில்தான். வெயிலில் காய்ந்து சுருங்கிச் சந்து விடும். அடுத்து வரும் மழை அதில் இறங்கும். அதனால் வெயில் காலத்தில் தினமும் கடல்நீரை மொண்டு தளத்தில் ஊற்றுகிறார்கள். மழை ஓய்ந்த பிறகும் ஊற்றுவார்களாம். ஏற்கெனவே நனைந்ததை ஏன் நனைக்க வேண்டும் என்று கேட்டேன். "மழத்தண்ணி மரத்துக்கு ஆகாது. அதக் கழுவி விடணும்லா" என்று பதில் வந்தது.

வெறும் நம்பிக்கை என்று ஒதுக்க முடியாத பேச்சு இது. மரத்தைத் தின்று உளுக்கச் செய்யும் பூஞ்சைக்கு உப்பில்லாத ஈரம் வேண்டும். உப்பு ஏறிய மரத்தில் அது எளிதில் பிடிக்காது. மரப் படகுகளும் தோணிகளும் பெரும்பாலும் மேலிருந்துதான், மழைநீர் தேங்குகிற மூலைகளிலிருந்துதான் அழுகத் தொடங்குகின்றன. கடலுக்கும் தன் பங்குக்கு ஒரு பகை உண்டு. உப்புநீரில் வாழும் துளைப்புழு, அடிப்பலகைக்குள் புகுந்து குடைந்துவிடும். நல்ல தண்ணீர் பட்டால் அது செத்துப்போகும் என்பதால், பழைய நாளில் மரக்கலங்களை ஆற்று முகத்துவாரத்துக்குள் கொண்டுபோய்ச் சில காலம் நிறுத்தி வைப்பார்கள். மேலே உப்பு வேண்டும், கீழே நல்ல தண்ணீர் வேண்டும். இயற்கையோ நேர்மாறாகத் தருகிறது.

கோடு போட்டு முடித்த பெரியவர் தார்ப்பாய்க்கு அடியில் வந்து உட்கார்ந்து, பஞ்சைத் தொடையில் வைத்து விளக்குத் திரி போல உருட்டத் தொடங்கினார். வேடசந்தூர் நூற்பாலைகளுக்குப் பக்கத்து ஊர்க்காரனான எனக்குப் பஞ்சு புதிதில்லை; ஆனால் இத்தனை பெரிய கலத்தை மூழ்காமல் காப்பது பஞ்சு என்பது புதிது. எண்ணெயில் தோய்த்த திரியைச் சந்தில் வைத்து, மழுங்கிய உளியை அதன்மேல் நிறுத்தி, கொட்டாப்புளியால் அடிக்க வேண்டும். மேலே குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிய கலவையைப் பூச வேண்டும். போதுமான அளவு இறுகிவிட்டதா என்பதைக் கண்ணால் பார்ப்பதில்லை. அடிக்கும் சத்தம் மாறுவதைக் கேட்பார்கள். மிஞ்சி அடித்தால் பலகை விலகிவிடும். இந்தக் காதை எத்தனை வருடத்தில் பழகினீர்கள் என்று கேட்டேன். சின்ன வயதில் வந்தேன் என்பதோடு நிறுத்திக்கொண்டார். மகன் இந்த வேலைக்கு வரவில்லை. அதில் அவருக்கு வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. வருத்தப்பட வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதே ஒரு வகை வெளியாள் புத்தி என்று எனக்குத் தோன்றியது.

மத்தியானம் பண்டாரி சாளைக் குழம்பு வைத்திருந்தார். பண்டாரி என்பவர் தோணியின் சமையல்காரர். பின்புறமான அமரத்துப் பக்கம் ஒரு சிறு கூண்டுதான் அடுக்களை. தகரத்தில் மழை அடிக்க, தட்டைக் கையில் பிடித்தபடி தண்டல் பேசினார். அவர் அப்பா காலத்தில் தோணி என்றால் கொழும்பு. 150 கடல் மைல் சொச்சம். காற்று ஒத்துழைத்தால் மறுநாளே பார்த்துவிடலாம். 1983-க்குப் பிறகு இலங்கையில் சண்டை மூண்டதும் அந்த வியாபாரம் நொடித்தது. இப்போது மாலத்தீவுதான் சோறு போடுகிறது: 400 கடல் மைல், மூன்று நாள் ஓட்டம். ஆற்று மணலும் ஜல்லியும் அரிசியும் போதிய காய்கறியும் இல்லாத பவளத் தீவுகள் அவை. 1981-இல் போட்ட வர்த்தக ஒப்பந்தப்படி இந்தியா ஆண்டுதோறும் அவர்களுக்கு ஒதுக்கீடு தருகிறது. 2024-25-க்கு ஆற்று மணலும் ஜல்லியும் மட்டும் தலா 10 லட்சம் டன். அத்தனையும் தோணியில் போவதில்லை, இரும்புக் கப்பலுக்குத்தான் பெரும்பங்கு. 2023 டிசம்பரில் வெங்காய ஏற்றுமதிக்குத் தடை வந்தபோது திண்டுக்கல் வெங்காயப்பேட்டையில் முகம் தொங்கியதைப் பார்த்திருக்கிறேன். அதே மாதம் இங்கே என்ன நடந்தது என்பதை அன்றுதான் யோசித்தேன்.

அந்த டிசம்பரை இங்கே யாரும் வெங்காயத்துக்காக நினைப்பதில்லை. 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 சென்டிமீட்டர் கொட்டியது. இந்த மாவட்டத்துக்கு ஒரு வருடம் முழுக்கப் பெய்கிற மழையைவிட அதிகம். "ஊருக்குள்ள வள்ளம் ஓடிச்சு, தோணி சும்மா நின்னுச்சு" என்றார் பண்டாரி.

தோணி, புயல் என்றதும் எனக்கு நினைவுக்கு வருகிற எழுத்தாளர் ப. சிங்காரம் கடற்கரைக்காரர் அல்லர். நத்தத்துக்கு அப்பால் இருக்கிற சிங்கம்புணரியில் பிறந்து, பிழைக்க இந்தோனேசியாவின் மேடானுக்குப் போனவர். 'புயலிலே ஒரு தோணி' 1972-இல் புத்தகமாக வந்தது. எங்கள் வறட்டுப் பக்கத்து ஆள் கடலை அப்படி எழுதியிருக்கிறாரே என்று எனக்கு ஒரு ஊர்ப் பெருமை உண்டு. தண்டலிடம் சொன்னேன். "அவரு ஏறினது எத்தன டன் தோணி?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

மூன்று மணிக்குமேல் மழை வெறித்தது. உடனே சண்டை தொடங்கியது. மேல்தளத்துச் சந்துகளைத் திறந்து அடிக்க மூன்று காய்ந்த நாள் வேண்டும் என்றார் கலப்பத்துக்காரர். காய்ந்த நாள் ஒன்று கிடைத்தால் சரக்கேற்றிக் கிளம்பிவிடுவேன் என்றார் தண்டல். ஜூனிலிருந்து ஆகஸ்டு வரை தென்மேற்குக் காற்றில் தோணி ஓடாது. பனிமய மாதா திருவிழாவோடு ஊரிலேயே கிடக்கிற அந்த மாதங்களில் செய்திருக்க வேண்டிய வேலையை இப்போது கேட்டால் எப்படி என்பது அவர் கட்சி. அப்போது காசு யார் கொடுத்தார்கள் என்பது இவர் கட்சி. எஞ்சின் டிரைவர் இரண்டு பக்கமும் தலையாட்டினார்.

கடைசியில் தண்டல் சரக்குப் பட்டியலை எடுத்துக்கொண்டு என்னையும் கூப்பிட்டுக் கீழே இறங்கினார். கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இரட்டைக் கோடு போட்ட ஆறு இடங்களை மட்டும் நாளை அடித்துவிடுவது, மற்றவை கெடக்கட்டும். ஒற்றைக் கோட்டுக்கு நேர் கீழே செங்கல். முன்புறமான அணியத்துப் பக்கம் ஒழுக்கே இல்லை, அங்கே சிமெண்டு. வெங்காயம் காற்று வாங்க வேண்டும், ஆகவே கடைசியில் ஏற்றிச் சரக்கறை வாய்ப் பக்கம் வைக்க வேண்டும். செங்கல் லாரி ஒன்று இன்னும் கோவில்பட்டி தாண்டவில்லை என்று போனில் சேதி வந்தது. எங்கள் ஊர் ஓட்டுநர் இன்னும் ஒரு ராத்திரி காத்திருப்புக் கூலி கேட்க ஆரம்பித்தார்.