பழைய பிரேமுக்குப் புது கியர் ஒயர்

ஜனவரி 12, ஞாயிறு

போகி வந்தால் வீட்டில் பழசெல்லாம் வாசலுக்கு வந்துவிடும். இந்த வருடம் மாடிப்படிக்கு அடியில் கிடந்த கியர் சைக்கிளும் வந்தது. பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடலாம் என்பது அம்மாவின் கட்சி. தலைக்குழாயில் இருந்த கம்பெனி முத்திரை உரிந்துபோய்விட்டது. அம்பத்தூர்ச் சரக்கா, லூதியானாச் சரக்கா என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனால் பிரேம் நேராக இருக்கிறது. துரு மேல்பூச்சோடு நின்றிருக்கிறது. நல்ல ஸ்டீல். இப்போது வரும் விலையுயர்ந்த அலுமினிய பிரேம்களிடம் கேட்க முடியாத சில சலுகைகளை ஸ்டீலிடம் கேட்டு வாங்கலாம்.

குறை ஒன்றுதான். கியர் மாற்றும் இரண்டு லீவர்களும் தலையிலிருந்து பெடலை நோக்கிச் சரியும் குழாயில், ஒரு பட்டையில் கட்டப்பட்டிருக்கின்றன. கியர் மாற்ற ஒரு கையை எடுத்துக் கீழே குனிய வேண்டும். நெல் லாரியும் ஷேர் ஆட்டோவும் உரசிக்கொண்டு போகும் ஆரணி பஜாரில் அது ஆகிற காரியமில்லை. லீவரை ஹேண்டில்பாருக்குக் கொண்டுவர முடிவு செய்தேன்.

ஜனவரி 13, போகி

சைக்கிள் கடை அண்ணனிடம் பிரேமை உருட்டிக்கொண்டு போனேன். பத்து கியர் வரை யோசித்து வைத்திருப்பதாகச் சொன்னேன்.

"இன்னாத்துக்குப் பத்து? ஆரணில இருந்து எங்க ஏறப்போற?"

"ஜவ்வாது மலைண்ணா. போளூர் வழியா ஜமுனாமரத்தூர்."

"அதுக்கும் ஏழு போதும். பத்துன்னா பின்னாடி கவைய நெம்பணும் தம்பி."

அவர் சொன்னது சரி. பின்சக்கர அச்சு உட்காரும் இரண்டு கவைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் எத்தனை கியர் என்பதைத் தீர்மானிக்கிறது. ஐந்து பல்சக்கரக் காலத்தில் அது 120 மி.மீ.; ஆறு, ஏழு வந்தபோது 126; எட்டுக்கு மேல் போனதும் 130. என் பிரேமை அளந்தால் 126. ஸ்டீல் என்பதால் நெம்பி 130 ஆக்கலாம், அலுமினியத்தில் அதை நினைத்தே பார்க்கக் கூடாது. ஆனாலும் தேவையில்லாமல் எதற்கு? திருகிப் பொருத்தும் 7 ஸ்பீடு ஃப்ரீவீல், அதற்கேற்ற ஷிமானோ டூர்னி லீவர், செயினைப் பல்லுக்குப் பல் தள்ளும் டெரெய்லர் என்று சென்னைக்கு ஆர்டர் சொல்லியாயிற்று. பழைய வளைந்த ஹேண்டில்பாரும் போக வேண்டும். அதன் குழாய் 23.8 மி.மீ.; இந்த லீவரின் வளையம் 22.2 மி.மீ. குழாய்க்குச் செய்தது. அண்ணன் கடையில் நேர் ஹேண்டில்பார் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது, அதை எடுத்துக்கொண்டேன்.

தகராறு வந்தது ஒயரில். கியர் ஒயர் உள்ளே ஓடும் உறைக்குழாய், அதாவது கியர் அவுட்டர், அவரிடம் இல்லை. "பிரேக் அவுட்டரயே போடு, எல்லாம் ஒயர்தானே" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை; கியர் அவுட்டரையும் ஆர்டரில் சேர்த்தேன்.

ஜனவரி 15, மாட்டுப் பொங்கல்

கடைகள் மூடல், தறிகளும் ஓய்வு. ஒயர் விஷயத்தை உட்கார்ந்து எழுதி வைக்க நல்ல நாள்.

பழைய லீவரில் படிகள் கிடையாது. உராய்வில் நிற்கும், அவ்வளவுதான். தள்ளுகிறோம், செயின் கரகரவென்கிறது, இன்னும் கொஞ்சம் தள்ளுகிறோம், சத்தம் அடங்குகிறது. ஒயர் தொய்ந்தாலும் அவுட்டர் நசுங்கினாலும் கையும் காதும் சேர்ந்து ஈடுகட்டிவிடும். அளவை நிர்ணயிப்பது ஓட்டுகிறவர். புது லீவரில் அளவு லீவருக்குள்ளேயே இருக்கிறது. ஒரு சொடுக்கு என்றால் இத்தனை மில்லிமீட்டர் ஒயர், அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

இந்த மாற்றத்துக்கு ஒரு காப்புரிமைக் கதை உண்டு. ஜப்பானின் சன்டூர் 1964-ல் டெரெய்லரைச் சாய்வாக அமைத்து, அதன் மேல்சக்கரம் ஒவ்வொரு பல்சக்கரத்துக்கும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் நிற்கும்படி செய்தது. இருபது ஆண்டுகள் மற்றவர்கள் அதைத் தொட முடியவில்லை. 1984-ல் உரிமக் காலம் முடிந்தது. அதே சமயத்தில் ஷிமானோ அந்தச் சாய்வையும் சொடுக்கு லீவரையும் சேர்த்து டியூரா-ஏஸ் வரிசையில் இறக்கியது. அதற்கு முன்பும் சொடுக்கு லீவர்கள் வந்து தோற்றுப்போயிருக்கின்றன. ஷிமானோ லீவரை மட்டும் விற்கவில்லை. டெரெய்லர், ஃப்ரீவீல், செயின், அவுட்டர் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் செய்து கொடுத்தது. ஜெயித்தது அதனால்தான் என்பது என் எண்ணம்.

அந்தக் கணக்கு இது. 7 ஸ்பீடில் பக்கத்துப் பக்கத்துப் பல்சக்கரங்களுக்கு இடையே 5 மி.மீ. லீவர் ஒரு சொடுக்குக்கு இழுப்பது சுமார் 2.9 மி.மீ. ஒயர், டெரெய்லர் அதை 1.7 மடங்காக்கிச் செயினை நகர்த்துகிறது. ஆக, வழியில் அவுட்டர் ஒரு மில்லிமீட்டர் நசுங்கினால் செயின் 1.7 மி.மீ. தள்ளி நிற்கும். ஒரு பல்லுக்கான தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது! கடகடவென்று சத்தம் வராமல் என்ன செய்யும்?

பிரேக் அவுட்டர் நசுங்கத்தான் செய்யும். அதற்குள் இருப்பது பட்டைக் கம்பியைச் சுருட்டிய சுருள். வளைத்தால் சுருளின் வெளிப்பக்க இடைவெளிகள் விரிகின்றன, இழுத்தால் நெருங்குகின்றன. கியர் அவுட்டரில் மெல்லிய கம்பிகள் நீளவாக்கில் கட்டுக்கட்டாக ஓடுகின்றன. அதனால் நீளம் குறையாது. பிரேக் அவுட்டர் 5 மி.மீ. தடிமன், கியர் அவுட்டர் 4. உள்ளே ஓடும் ஒயரும் பிரேக்குக்கு 1.5, கியருக்கு 1.2.

மாலை வந்த மச்சானிடம் இதையெல்லாம் சொன்னேன். அவருக்கு ஜக்கார்டு தறி, ஆரணிப் பட்டில் கொடி முந்தி போடுகிறவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஊக்குல இருந்து தொங்குற கயிறு ஒண்ணு தொய்ஞ்சா பூவே கோணிப்போவுது. உங்க செயினுக்கும் அதே கதிதானே மாப்ள" என்றார். நான் ஒரு பக்கம் எழுதியது அவருக்கு ஒரு வரியில் முடிந்துவிட்டது.

ஜனவரி 18, சனி

பார்சல் வந்தது. இனி பிரேமில் அவுட்டர் எங்கே முட்டி நிற்பது என்பதுதான் கேள்வி. பழைய அமைப்பில் லீவர் குழாயிலேயே இருந்ததால், அங்கிருந்து பெடல் அச்சு வரை வெற்று ஒயர்தான், அவுட்டரே கிடையாது. லீவர் மேலே போய்விட்டால் ஹேண்டில்பாரிலிருந்து வரும் அவுட்டர் சாய்குழாயில் ஓரிடத்தில் முட்டி நிற்க வேண்டும். அதற்கென்று முட்டு விற்கிறார்கள், ஆனால் இங்கே கிடைப்பதில்லை. அண்ணன் வேறு வழி சொன்னார்: லீவரிலிருந்து டெரெய்லர் வரை முழுக்க அவுட்டர் ஓடவிட்டு, பிரேமோடு டை போட்டுக் கட்டிவிடுவது. தப்பில்லை. தூசியும் சேறும் ஒயரை அண்டாது. ஆனால் அவுட்டர் நீளநீள உராய்வும் கூடும். எனக்கு வெற்று ஒயர்தான் பிடிக்கிறது.

அரிசி ஆலைகள் நிறைந்த ஊரில் லேத் பட்டறைக்குக் குறைவில்லை. பழைய லீவர் பட்டையைக் கழற்றி எடுத்துப் போனேன். லேத்காரர் பித்தளையில் சிறு குமிழ் ஒன்று கடைந்து, லீவர் இருந்த இடத்தில் திருகிக் கொடுத்தார். ஒரு பக்கம் அவுட்டரின் மூடி உட்கார அகலத் துளை. மறுபக்கம் ஒயர் மட்டும் போக 2 மி.மீ. துளை. இழுப்பில் பட்டை குழாயில் சறுக்காமலிருக்க உள்ளே டியூப் ரப்பர் ஒரு சுற்று. இதற்கு அவர் காசு வாங்கவில்லை. ரைஸ் மில் ஷாஃப்ட் கடைகிற கைக்கு இது விளையாட்டாம்.

ஜனவரி 19, ஞாயிறு

இன்று பொருத்தினோம். அவுட்டரைக் கட்டிங் பிளேயரால் வெட்டினால் நுனி நசுங்கும். உள்ளே பழைய ஒயர்த் துண்டைச் சொருகி, கூரான கட்டரால் வெட்டி, நுனியை அரத்தால் தட்டையாக்கி, மூடிக்கொண்ட உள்குழலை ஊசியால் திறந்துவிட வேண்டும். சாய்வாக வெட்டிய நுனி முட்டில் சரியாக உட்காராது. ஓட ஓட அமுங்கிக்கொண்டே போகும். நான் ஆசைப்பட்டது அந்த ஒரு மில்லிமீட்டரைக் காப்பாற்றத்தானே. ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்துத்தான் அவுட்டரின் நீளத்தை முடிவு செய்தோம்.

ஒயர் கட்டுவதற்கு முன்பே டெரெய்லரின் இரண்டு எல்லைத் திருகுகளையும் சரிசெய்துவிட்டார் அண்ணன். பலர் இதைக் கடைசியில் செய்வார்கள். செயின் ஸ்போக்குக்குள் விழுந்த பிறகு. மிகச் சிறிய பல்லில் செயினை வைத்து, ஒயரைக் கையால் இழுத்துப் பிடித்து இறுக்கினார். ஒரு சொடுக்கு, இரண்டாவது பல்லில் ஏறியது. லேசாகக் கரகரப்பு. ஒயர் சரிசெய்யும் மரையை அரைச் சுற்று திருப்பினார், அடங்கியது. ஒயரின் நுனி பிரியாமலிருக்க ஈயப்பற்று வைத்தார். "பிரேக் அவுட்டர் போட்டிருந்தாலும் ஓடியிருக்கும்" என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை. நான் பதில் சொல்லவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

படவேடு வரை போய்வந்தேன். ரேணுகாம்பாள் கோயில் தாண்டி மலையடிவாரம் வரை. பாதி வழியில் சொடுக்குகள் தாமதமாக விழத் தொடங்கின. புது அவுட்டரும் மூடிகளும் தங்கள் இடத்தில் அமுங்கி உட்காரும்போது இப்படித்தான் ஆகும். மரையைக் கால் சுற்று திருப்பியதும் சரியாகிவிட்டது. அதன் பிறகு தொடவில்லை.

வீட்டில் பழைய பிரேம் வைத்திருப்பவர்கள் முதலில் பின்கவையின் இடைவெளியை அளந்து பாருங்கள். அது தாங்குகிற கியரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கியருக்குப் பிரேக் அவுட்டர் போட்டால் சத்தம் வரும், அவ்வளவுதான். மீந்த கியர் அவுட்டரைப் பிரேக்குக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள்: அவசரத்தில் அழுத்திப் பிடிக்கும்போது நீளவாக்குக் கம்பிகள் மேலுறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும், பிரேக் பிடிக்காது.