அணைத்த பின்னும் மினுங்கிய விளக்கு

கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் 1902-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. சிவசமுத்திரத்தில் காவிரி விழுகிற வேகத்திலே பிறந்து, ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பிவழி வந்து, அது எங்கள் ஊர்ச் சுரங்க இயந்திரங்களை ஓட்டியது. பெங்களூர்த் தெருக்களுக்கு மின்விளக்கு வந்தது அதற்குப் பிறகு, 1905-இல்தான். விடுதி நண்பர்களிடம் இதைச் சொல்லி நான் பெருமையடித்துக்கொள்வது வழக்கம். ஆனால் மின்சாரம் முந்தி வந்த ஊர் என்பதனால், அங்குள்ள ஒவ்வொரு வீட்டிலும் அது முறையாக ஓடுகிறது என்று ஆகிவிடுமா? சென்ற பொங்கல் விடுமுறையில், கூரையில் ஒரு புது விளக்கு மாட்டப் போய் நான் கற்றுக்கொண்டது இதைத்தான். மின்பொறியியல் படிக்காத நண்பர்களுக்கும் உதவும் என்று கருதி எழுதுகிறேன்.

எங்கள் வீடு சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் ஒன்று. தாத்தா சாம்பியன் ரீப் சுரங்கத்தில் இறங்கியவர். மாமா சுரங்கத்தின் மின்பிரிவில் வயர்மேனாக இருந்தவர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டபோது வேலை போயிற்று; கைத்தொழிலும் உரிமமும் மிஞ்சின. இப்போது வீட்டில் ஆயாவுக்கு வயது எண்பதை நெருங்குகிறது. பார்வை மங்கிவிட்டது, சுத்தம் மட்டும் மங்கவில்லை. பண்டிகை வந்தால் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, விட்டத்தில் உள்ள பல்பையும் ஹோல்டரையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். பித்தளை ஹோல்டர், பளபளவென்று இருக்கவேண்டும் அவருக்கு.

"சுவிட்சை அணைச்சிட்டுத்தானே ஏறுறேன், எனக்கென்ன தெரியாதா?" என்பார்.

அந்த நாற்பது வாட் பல்புக்குப் பதிலாக, சென்ற ஆண்டு அப்பா ஓர் எல்.இ.டி. பல்பைப் போட்டிருந்தார். அது இரவில் அணைத்த பிறகும் மின்மினிபோல மினுங்கிக்கொண்டே இருந்தது. "அணைச்சாலும் கண்ணு சிமிட்டுது பாரு" என்று ஆயா வேடிக்கையாகச் சொல்வார். நல்ல பல்பு, இரவு விளக்குச் செலவும் மிச்சம் என்று நாங்கள் எல்லோரும் மகிழ்ந்திருந்தோம். ஆயாவுக்கு வெளிச்சம் போதவில்லை என்பதற்காக, ராபர்ட்சன்பேட்டையில் 15 வாட் வட்ட விளக்கு ஒன்று வாங்கினேன். அதை மாட்ட மாமாவை அழைத்தேன். அவர் பழைய பல்பு மினுங்குவதைக் கண்டார், சிரிக்கவில்லை.

"டெஸ்டரைக் கொண்டா" என்றார்.

மாமா எனக்கு விளக்கியதைச் சுருக்கிச் சொல்கிறேன். விளக்குக்கு இரண்டு கம்பிகள் வேண்டும். ஒன்று பேஸ், 230 வோல்ட்டைச் சுமந்து வருவது. மற்றொன்று நியூட்ரல், மின்னோட்டம் திரும்பிச் செல்லும் வழி. இரண்டில் எதை அறுத்தாலும் விளக்கு அணையும். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. ஆனால் சுவிட்ச் பேஸைத்தான் அறுக்கவேண்டும். நியூட்ரலை அறுத்தால், விளக்கு அணைந்திருக்கும். ஹோல்டரிலே உயிர் இருக்கும்! திரும்பும் வழி அடைபட்ட மின்சாரம் வேறு வழிக்காகக் காத்திருக்கும். முக்காலிமேல் ஈரத்துணியோடு ஏறுகிற ஒரு கிழவியின் உடம்பு அந்த வழியாகிவிடலாம்.

பழைய பல்பு இந்தக் குற்றத்தைக் காட்டிக் கொடுக்கவில்லை. சுற்றுப்புறத்துக்குக் கசியும் மிகச் சிறு மின்னோட்டம் அதன் இழையைச் சூடாக்கப் போதாது. எல்.இ.டி.க்கோ அந்தத் துளியே போதும், மினுங்கிவிடும். மினுங்குகிற எல்.இ.டி. எல்லாம் இந்தக் குற்றத்தையே குறிக்கும் என்பதில்லை. சுவிட்சில் உள்ள சிறு காட்டி விளக்கினாலும், கம்பிகள் நெடுந்தூரம் ஒட்டி ஓடுவதாலும் அப்படி நேரலாம். ஆகையால் மினுங்கல் என்பது ஐயம் மட்டுமே, சோதனைதான் தீர்ப்பு.

சுவிட்சை அணைத்தோம். பல்பைக் கழற்றினோம். மாமா டெஸ்டரை முதலில் பிளக்கில் வைத்து, அது எரிகிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு ஹோல்டரின் முனையில் வைத்தார். செந்நிறமாக எரிந்தது! எத்தனை பொங்கலுக்கு ஆயா அந்த ஹோல்டரைத் துடைத்திருப்பார் என்று எண்ணினேன், கால் நடுங்கியது.

"பியூஸ் போயிருக்காதா மாமா?" என்று கேட்டேன்.

"பியூஸ் வீட்டுக் கம்பியைக் காப்பாத்தும். மனுசனைக் காப்பாத்தாது" என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அது உண்மையே. 15 வாட் விளக்கு இழுக்கும் மின்னோட்டம் ஏறத்தாழ 65 மில்லி ஆம்பியர். உயிரைக் காக்க வைக்கப்படும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவியோ, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும்படி அமைந்தது. அதாவது, சாதாரண விளக்கு ஒன்றின் மின்னோட்டத்தில் பாதி உடம்பில் பாய்ந்தாலே ஆபத்து. 5 ஆம்பியர் பியூஸுக்கு அது தெரியவே தெரியாது. எங்கள் வீட்டிலோ ஆர்.சி.சி.பி. இல்லை.

பிறகு வேலை தொடங்கியது. மாமா மெயினை அணைத்தார். பியூஸ் கட்டையைப் பிடுங்கித் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அது பையில் இருக்கும்வரை வேறு யாரும் மாட்ட முடியாதல்லவா? ஹோல்டரில் டெஸ்டரை மறுபடி வைத்தார், எரியவில்லை. அதோடு விட்டாரா? பக்கத்து வீட்டுக்குப் போய் அவர்கள் பிளக்கில் டெஸ்டரைச் சோதித்துவிட்டு வந்தார். இடையில் டெஸ்டரே பழுதாகியிருந்தால், எரியாத டெஸ்டர் பொய்ச்சாட்சி ஆகிவிடும் என்றார். சுரங்கத்தில் புது இடத்துக்குப் போனால், தலைக்குமேல் உள்ள பாறையைக் கடப்பாரையால் தட்டிப் பார்ப்பார்களாம். கெட்டியாக ஒலித்தால் நிற்கலாம். பொள்ளலாக ஒலித்தால் விலகவேண்டும். தாத்தா வழியாக வந்த அந்தப் பழக்கத்தைத்தான் மாமா டெஸ்டர் கொண்டு செய்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

மரச்சட்டத்தில் ஓடிய பழைய கம்பிகள் சுண்ணாம்பு படிந்து ஒரே நிறமாகக் கிடந்தன. எது பேஸ், எது நியூட்ரல் என்று கண்ணால் சொல்ல வழியில்லை. அவற்றை நீக்கிவிட்டு, சுவிட்ச் பலகையிலிருந்து விட்டம்வரை புதிதாக மூன்று கம்பிகள் இழுத்தோம்: பேஸுக்குச் சிவப்பு, நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. சிவப்பு சுவிட்ச் வழியாகச் சென்றது. கறுப்பு நேரே சென்றது. புது விளக்கின் முதுகு இரும்புத் தகடு; ஆகவே பச்சைக் கம்பியை விட்டுவிட முடியாது. உள்ளே ஒரு கம்பி நழுவித் தகட்டைத் தொட்டால், மின்சாரம் மண்ணுக்குப் போக அதுவே வழி. பிளக்கில் உள்ள எர்த் உண்மையாகவே வேலை செய்கிறதா என்று ஒரு பல்பை வைத்துச் சோதித்த பிறகுதான் மாமா பச்சையை அதோடு சேர்த்தார்.

முக்காலிமேல் நின்று இணைப்புகளை முடுக்கியது நான். கீழே நின்று ஒவ்வொன்றையும் சொன்னது அவர். "முறுக்கினது போதாது, ஒவ்வொரு கம்பியையும் இழுத்துப் பாரு" என்றார். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. விளக்கை விட்டத்தில் திருகி நிறுத்தினோம். பியூஸ் கட்டை பையிலிருந்து தன் இடத்துக்குத் திரும்பியது. அன்றிரவு சுவிட்சை அணைத்ததும் அறை முழு இருட்டாயிற்று. "இப்பத்தான் அது தூங்குது" என்றார் ஆயா.

மறுநாள் மாமாவும் நானும் எங்கள் வரிசையில் ஐந்து வீடுகளைப் பார்த்தோம். இரண்டு வீடுகளில் இதே குற்றம் இருந்தது. எப்போது, யார் கை செய்தது என்று யாருக்கும் தெரியவில்லை. விளக்கு எரிந்தது, அணைந்தது. அதற்குமேல் யார் கேட்கப் போகிறார்கள்? மாமா கூலி வாங்காமல் இரண்டையும் சரிசெய்தார்.

நண்பர்களே, அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்வீர்கள். உங்கள் வீட்டிலும் விளக்கைத் துடைக்கும் ஒரு தாயோ பாட்டியோ இருப்பார். உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவரை அழைத்து, சுவிட்ச் எந்தக் கம்பியை அறுக்கிறது என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ஒரு விளக்குக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. அதுவரை, துடைப்பதானால் மெயினை அணைத்துவிட்டு, உலர்ந்த துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.