மூச்சுக் கணக்கு

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவின் பின்னால் 2022-ஆம் ஆண்டின் மாதக் காலண்டர் இன்னும் தொங்குகிறது. பழனி முருகன் படம் போட்டது. ஒவ்வொரு தேதியின் கட்டத்திலும் அம்மாவின் கையெழுத்தில் இரண்டு எண்கள். மேலே இருப்பது பால் கணக்கு: 1, 1, 1½. கீழே இருப்பது 22, 24, 26. அது சோட்டுவின் மூச்சு. தூங்கும்போது ஒரு நிமிடத்தில் அவன் விலா எத்தனை முறை ஏறி இறங்கியது என்ற கணக்கு.

சோட்டு ஒரு வெள்ளை ஸ்பிட்ஸ். எல்லோரும் பொமரேனியன் என்றே சொல்வார்கள். 1994-இல் வந்த ‘ஹம் ஆப்கே ஹைன் கௌன்’ படத்தில் டஃபி என்ற பெயரில் நடித்ததே, அந்த இனம். 2010-இல் கிழக்கு தில்லியில் எங்கள் மாடிக்குக் கீழே இருந்த பஞ்சாபிக் குடும்பம் குட்டியாகக் கொடுத்தது. பெயர் இந்தி, அவனுக்குப் புரிந்ததெல்லாம் தமிழ். ‘நாய் வேண்டாம், ஆசாரம் கெடும்’ என்று முதலில் சொன்ன அம்மாவின் காலடியில்தான் 12 வருடம் படுத்திருந்தான்.

2021 கோடையில் இருமல் ஆரம்பித்தது. தொண்டையில் முள் சிக்கியது போல, வாந்தி எடுக்கப்போவது போல வறட்டு இருமல். யாராவது வாசல் மணி அடித்துவிட்டால் சந்தோஷத்தில் குதித்து, மூச்சு முட்டி, வாத்து கத்துவது போல ஒரு சத்தம். பக்கத்துத் தெருவில் இருந்த கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தார். “பூடா ஹோ கயா ஹை” என்றார். கிழவனாகிவிட்டான். இருமல் மருந்து எழுதிக் கொடுத்தார். ஸ்டெதஸ்கோப்பை அவர் கழுத்திலிருந்து எடுக்கவேயில்லை. எடுங்கள் என்று நானும் சொல்லவில்லை. மருந்தில் இருமல் குறைந்தது. நிம்மதியானோம். வயது ஒரு நோயின் பெயரல்ல என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அந்த வருடம் தீபாவளி நவம்பர் 4. தில்லியில் பட்டாசுக்கு முழுத் தடை. ஆனாலும் விடிய விடிய வெடித்தார்கள். மறுநாள் நகரத்தின் காற்றுத் தரக் குறியீடு 450-ஐத் தாண்டியது. எதிர் வீடு தெரியவில்லை. அன்று இரவு இரண்டு மணிக்கு அம்மா என்னை எழுப்பினாள். “ஏண்டா, இவன் படுக்கவே மாட்டேங்கறான். வயிறு பாரு, எப்படித் துடிக்குதுன்னு.”

சோட்டு முன்னங்கால்களை அகட்டி வைத்து, கழுத்தை நீட்டி உட்கார்ந்திருந்தான். நாக்கில் நீலம் ஓடியிருந்தது. ஒரு தடவைகூட இருமவில்லை. ஐந்து மாதமாக எங்களைப் பயமுறுத்திய சத்தம், ஆபத்தான இரவில் வரவேயில்லை.

இரவிலும் திறந்திருந்த ஒரு மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்து, நீர் பிரிக்கும் ஊசி போட்டார்கள். மூச்சு ஓரளவு அடங்கிய பிறகுதான் எக்ஸ்ரே. கறுப்பாகத் தெரிய வேண்டிய நுரையீரல் பஞ்சு போல வெளுத்திருந்தது. நீர் கோத்திருந்தது. அதன் நடுவே அளவுக்கு மீறிப் பெருத்த இதயம்.

அங்கிருந்த பெண் மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். இதயத்தின் இடப் பக்கத்தில் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே மைட்ரல் வால்வு என்ற கதவு இருக்கிறது. ஒரு பக்கம் மட்டுமே திறக்க வேண்டும். சிறிய இன நாய்களுக்கு வயதாகும்போது அந்தக் கதவு தடித்து, சுருங்கி, சரியாக மூடாமல் போகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் ரத்தம் பின்னால் திரும்புகிறது. மேலறை வீங்குகிறது. கடைசியில் அழுத்தம் நுரையீரலுக்குப் போய் அங்கே நீர் கசிகிறது. சிறு நாய்களுக்கு வரும் இதய நோய்களில் மிகச் சாதாரணமானது இதுதான். கசியும் ரத்தத்தின் இரைச்சல் பல வருடம் முன்பே ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும்.

அமெரிக்கக் கால்நடை மருத்துவ நிபுணர்கள் 2019-இல் வெளியிட்ட நெறிமுறை இந்த நோயை ஏ முதல் டி வரை நான்கு படிகளாகப் பிரிக்கிறது. எங்களுக்கு விஷயம் தெரிந்தபோது சோட்டு மூன்றாவது படிக்கு வந்துவிட்டான். இரண்டாவது படியிலேயே, இரைச்சலும் வீக்கமும் இருந்து அறிகுறி எதுவும் இல்லாதபோதே, பிமோபென்டன் என்ற மாத்திரையை ஆரம்பித்தால் இதயம் செயலிழப்பது சராசரியாகச் சுமார் 15 மாதம் தள்ளிப்போகும் என்று 11 நாடுகளில் 360 நாய்களை வைத்து நடந்த ஆய்வு 2016-இலேயே காட்டியிருக்கிறது. அதைக் கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்த 15 மாதத்தை நான் இருமல் மருந்தில் கரைத்திருக்கலாம்.

இருமலுக்குக் காரணம் ஒன்றல்ல, இரண்டு என்றார் மருத்துவர். வீங்கிய மேலறை மூச்சுக் குழாயின் கிளையை அழுத்துவது ஒன்று. இன்னொன்று, மூச்சுக் குழாயைத் திறந்து வைத்திருக்கும் குருத்தெலும்பு வளையங்கள் தளர்ந்து, குழாயே தட்டையாவது. வாத்துச் சத்தம் அதனால் வருவது. “சத்தத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். 30-க்குள் இருந்தால் சரி. தொடர்ந்து அதைத் தாண்டினால் எனக்குப் போன் செய்யுங்கள்.”

அந்த வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள். 76 வயதில் அவளுக்கும் தூக்கம் வருவதில்லை. இரவு சாப்பாடு முடிந்து சோட்டு நன்றாக அசந்த பிறகு கடிகாரத்தைப் பார்த்து அரை நிமிடம் எண்ணி, இரண்டால் பெருக்கிக் காலண்டரில் எழுதுவாள். விலா ஏறி இறங்கினால் ஒன்று. கனவில் கால் உதைத்தால், இரைத்தால், அந்தக் கணக்கு செல்லாது. மறுபடி எண்ண வேண்டும்.

வீடு அவனுக்காகக் கொஞ்சம் மாறியது. கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு மார்பைச் சுற்றும் பட்டை வாங்கினோம். கழுத்தை இழுத்தால் தளர்ந்த குழாய் இன்னும் நசுங்கும். அப்பளம், கருவாடு, உப்பு பிஸ்கெட் எல்லாம் நின்றன. குண்டாக இருந்தவனைப் பட்டினி போடலாமா என்று கேட்டதற்கு மருத்துவர் தலையாட்டி மறுத்தார். இதயம் செயலிழந்த நாய்க்குச் சதை கரைவதுதான் பெரிய ஆபத்து. பிமோபென்டன் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு. நீர் பிரிக்கும் மாத்திரை, மனிதர்களுக்குக் கொடுக்கும் அதே ஃப்ரூஸிமைட்; அம்மாவின் மருந்து டப்பாவிலும் அது இருந்தது. அதனால் அவனுக்கு ஓயாத தாகம், விடிகாலை மூன்று மணிக்குச் சிறுநீர். ராத்திரியில் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடலாம் என்று நான் நினைத்தேன். கூடவே கூடாது, சிறுநீரகம் கெட்டுவிடும் என்று மருத்துவர் கண்டித்தார். அதிலிருந்து மூன்று மணிக்கு எழுந்து மாடிப்படி இறங்கியது நான்.

2022 மே 15 அன்று தில்லியின் முங்கேஷ்பூரில் 49.2 டிகிரி வெப்பம். நாய்க்கு இரைப்பதுதான் வியர்வை; இரைத்தால் குழாய் நசுங்கும், இதயம் தவிக்கும். அந்த மாதம் முழுக்க வீட்டின் ஒரே ஏ.சி. அம்மாவுக்கும் சோட்டுவுக்கும்தான். மாதம் நாலாயிரம் ரூபாய் மருந்துச் செலவைக் கேட்டு, “ஒரு நாய்க்கா?” என்று போனில் ஆச்சரியப்பட்டார் கும்பகோணத்து மாமா. “நான் எண்ணிண்டிருக்கேன். பாதியில எப்படி விடறது?” என்றாள் அம்மா.

அக்டோபர் வரை கட்டங்களில் 28-ஐத் தாண்டவில்லை. நவம்பரில் 32. மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள், 26-க்கு இறங்கியது. பிறகு 34. மறுபடி கூட்டினார்கள். ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தின் எண்கள் ஏற ஆரம்பித்தன. நுரையீரலைக் காய வைத்தால் சிறுநீரகம் வாடுகிறது; சிறுநீரகத்தைக் காப்பாற்றினால் நுரையீரல் நனைகிறது. டிசம்பர் 9 அன்று 44. இட்லியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். அடுத்த நாள் 46.

மீண்டும் ஆக்சிஜனில் வைத்துப் பார்க்கலாம், ஓரிரு நாள் கிடைக்கலாம். இல்லையென்றால் வலியில்லாமல் தூங்க வைக்கலாம் என்றார் மருத்துவர். நான் முதலாவதைச் சொல்லப் போனேன். அம்மா தடுத்தாள். “நாலு நாளா அவன் படுக்கலடா. உக்காந்தபடியே இருக்கான். நான்தானே எண்ணறேன், எனக்குத் தெரியும்.”

முதல் ஊசியில் மயங்கியபோது, ஒரு வாரத்தில் முதல் முறையாக அவன் பக்கவாட்டில் கால் நீட்டிப் படுத்தான்.

வீட்டில் சின்ன நாய் வைத்திருக்கும் யாராவது இருமல் என்று சொன்னால், நான் இப்போது ஒன்றுதான் கேட்கிறேன்: தூங்கும்போது எண்ணினீர்களா? ஏழு வயது தாண்டியிருந்தால், மருத்துவர் மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்தாரா என்றும் கேட்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். இருவர் போய்ப் பார்த்தார்கள். ஒன்றின் இதயத்தில் இரைச்சல் இருந்தது. அது இன்னும் இரண்டாவது படியில் இருக்கிறது.

காலண்டரில் டிசம்பர் 10-க்குப் பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஓர் எண்தான். பால் கணக்கு.