இன்டர்கூலருக்குத் தண்ணி அடித்த கதை



தலைப்பைப் பார்த்து யாரும் தப்பாக எடுக்க வேண்டாம். தண்ணி அடித்தது நான் இல்லை, மச்சானுடைய வாகனம். ஆனால் அதில் தலை குனிந்தது நான்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

மச்சான் சம்பூர்க் கரையில் மீன் எடுத்து அக்குறணைக்குக் கொண்டு போகிறவர். பழைய ஹைலக்ஸ் கேப். டர்போ இஞ்சின். பொனட்டின் மேல் மூக்கு மாதிரி ஒரு துவாரம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதற்குக் கீழேதான் இன்டர்கூலர் இருக்கிறது. டர்போ காற்றை அமுக்கும்போது காற்று சுடும். சைக்கிளுக்குக் காற்று அடித்தால் பம்பின் அடி சுடுகிறதே, அதே கதைதான். சுட்ட காற்றில் ஒட்சிசன் ஐதாக இருக்கும், இழுவை குறையும். அந்தக் காற்றை இஞ்சினுக்குள் போக முன் ஆற வைப்பதுதான் இன்டர்கூலரின் வேலை. ஓடும்போது வெளிக்காற்று அடித்து அது குளிரும். ஐஸ் பெட்டியும் ஏற்றிக்கொண்டு மெல்ல மெல்ல ஏற்றத்தில் போகும்போது, கீழே இஞ்சின் சூடு, மேலே வெயில். கச்சான் காற்றுக் காலத்தில் சொல்லத் தேவையில்லை.

"மாத்தளை தாண்டி பலகடுவ ஏற்றத்துல வண்டி மூச்சு வாங்குது மச்சான். நீங்க சயன்ஸ் சேர்தானே, ஒரு வழி சொல்லுங்க" என்று கேட்டார்.

வழி எனக்குத் தெரியும். சுபாரு இம்பிரேசா எஸ்டிஐ, மிட்சுபிசி லான்சர் எவொலூஷன் போன்ற ரேஸ் பரம்பரைக் கார்களுக்குக் கம்பனியே இன்டர்கூலருக்குத் தண்ணி தெளிக்கும் சுவிச் வைத்துக் கொடுத்தது. உம்மா முற்றத்தில் வைக்கும் மண்பானையில் தண்ணி குளிர்வதும் அதே கணக்குத்தான். ஒரு கிராம் தண்ணியை 30 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்கினால் அது ஏறக்குறைய 126 ஜூல் வெப்பத்தை எடுக்கும். அதே ஒரு கிராம் ஆவியாகிப் போனால் 2,400 ஜூல் அளவில் கொண்டு போகும். அதனால் வாளி வாளியாக ஊற்றத் தேவையில்லை. பனி மாதிரிக் கொஞ்சம் தெளித்தால் போதும்.

முதலில் கழற்றிப் போட்ட வேன் ஒன்றின் வைப்பர் தண்ணி மோட்டரைப் பூட்டினேன். பெரிய பெரிய துளியாக விழுந்து ஒழுகியது, சரிவரவில்லை. பிறகு வயலுக்கு மருந்து அடிக்கிற பற்றரி டாங்கி ஒன்று பழுதாகிக் கிடந்தது. அதன் 12 வோல்ட் பம்ப், அதே டாங்கியின் நொசில் இரண்டு, ஐந்து லீற்றர் கான், ஒரு ரிலே, ஒரு பியூஸ், டாஷ்போட்டில் ஒரு அமுக்கு சுவிச். வேலை முடிந்தது. மல்டிமீற்றரின் சூடு பார்க்கும் வயரை இன்டர்கூலரிலிருந்து வெளியே வரும் குழாயில் ஒட்டிப் பார்த்தேன். தெளிக்க முன் 68, தெளித்து ஓடிய பிறகு 55. மச்சானுக்குச் சந்தோசம். எனக்கு அதைவிடப் பெருமை.

அந்தப் பெருமையோடுதான் பதினோராம் வகுப்பில் மறை வெப்பம் பாடத்துக்கு இதையே உதாரணமாகச் சொன்னேன். கடைசி வாங்கிலிருந்து ஒரு பையன் எழும்பினான்.

"சேர், என்ன தண்ணி ஊத்துறீங்க?"

"கிணத்துத் தண்ணிதான்."

"எங்கட வீட்டுக் கேத்தல்ல வெள்ளையாப் படியும் சேர். அதுலயும் படியாதா?"

நான் சொன்ன பதிலை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. "நீ முதல்ல போன தவணை மாக்ஸைப் பார், கேத்தலைப் பிறகு பார்ப்பம்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் உட்கார்ந்துவிட்டான்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு மச்சானிடமிருந்து போன். பலகடுவ ஏற்றத்தில் வண்டி முன்னையை விட மோசமாக இழுக்கிறது, கறுப்புப் புகை, ஓரமாக நிறுத்தி வைத்திருக்கிறார். ஐஸ் கரைந்து, நேரம் போய், மீனை விலை குறைத்துத்தான் கொடுத்தார். வந்ததும் பொனட்டைத் திறந்து பார்த்தோம். இன்டர்கூலரின் தகடுகளுக்கு இடையில் சுண்ணாம்பு பூசினது போல வெள்ளை. காற்றுப் போக வழியே இல்லை. தண்ணி ஆவியாகிப் போய்விடும், அதில் கரைந்திருக்கும் உப்பும் சுண்ணாம்பும் எங்கே போகும்? அங்கேயேதான் படியும். வன்னீர் பாடத்தை வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிற ஆள் நான்.

மச்சான் ஏசவில்லை. "பரவாயில்ல மச்சான், றிஸ்க் அல்லாஹ்ட கையில" என்றார். அவர் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்தப் பையனின் குடும்பம் 2006 இல் சம்பூரை விட்டுப் போனது. அவன் பிறந்தது கிளிவெட்டி முகாமில். அதே 2006 இல் மூதூரிலிருந்து நாங்களும் கந்தளாய்க்கு ஓடினோம், ஆனால் எங்களுக்குத் திரும்பி வர ஊர் சீக்கிரம் கிடைத்தது. அவர்கள் திரும்பும்போது பத்து வருடம் போய்விட்டது. வந்ததும் அவனுடைய அப்பா முதலில் செய்த வேலை, தூர்ந்த கிணற்றை இறைத்ததாம். எட்டு வயதில் வாளி பிடித்த பிள்ளை அவன். அவனிடம் தண்ணியைப் பற்றி நான் கேட்டிருக்க வேண்டும். நான் மாக்ஸைக் கேட்டேன்.

அடுத்த நாள் வகுப்பில், சிரித்த அதே பிள்ளைகளுக்கு முன்னால், "அன்றைக்கு நீ கேட்டது சரி, நான் சொன்னது பிழை. என்னை மன்னிச்சுக்கொள் தம்பி" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் கேட்டது ஒன்றுதான்: "சேர், கழுவிட்டீங்களா? அம்மா கேத்தலுக்குத் தேசிக்காய் போடுவா."

அவனையும் கூட்டிக்கொண்டுதான் கழுவினோம். இன்டர்கூலரைக் கழற்றி, தண்ணி கலந்த வினாகிரியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, உடனுக்குடன் நல்ல தண்ணியால் அலசினோம். அலுமினியம் என்பதால் புளிப்பில் ஊற விடக்கூடாது. இப்போது கானுக்குள் போவது ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணி. அது காற்றில் இருந்த ஈரம் குளிர்ந்து வருவது, சுண்ணாம்பு இல்லை. கம்பியூட்டர் அறைக் குழாய்க்குக் கீழே அவன்தான் வாளி வைத்தான். சுத்தமான பாத்திரத்தில் பிடித்த மழைத்தண்ணியும் ஆகும்.

செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு: பியூஸ் இல்லாமல் வயர் இழுக்காதீர்கள். எயார் பில்டரின் வாய்க்குள்ளும் வயர் மூட்டுகளிலும் தண்ணி படக்கூடாது. ஏற்றத்தில் இரண்டு செக்கன் அமுக்கி விட்டால் போதும். மாரியில் காற்றே ஈரம், தண்ணி ஆவியாவது குறையும். அப்போது தெளித்துப் பெரிய பலன் இல்லை. மீன்பெட்டி ஐஸ் கரைந்த தண்ணியை மறந்தும் ஊற்றாதீர்கள், அதில் உப்பு.

எங்களைப் போன்ற சேர்மாருக்கு இன்னொன்று. கடைசி வாங்கிலிருந்து பிள்ளை கேள்வி கேட்டால், மாக்ஸ் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேளுங்கள். எனக்கு அந்தப் பாடம் ஒரு லோட் மீனோடு முடிந்தது. அந்தப் பிள்ளை அதோடு வாய் திறக்காமலே இருந்திருந்தால், அந்த நட்டத்தை எந்த அக்குறணையில் போய்க் கொடுத்துத் தீர்ப்பது?